மறுபடி ஓட்டிக் காட்ட முடியுமா?
அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரு யந்திரமும் – 14

1997 மே 4, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஈக்விடபிள் சென்டர் கட்டடத்தின் 35-ஆவது மாடி. உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவும் ஐ.பி.எம்.மின் டீப் புளூ கணினியும் மோதும் இரண்டாவது ஆட்டம். வெள்ளைக் காய்கள் யந்திரத்துக்கு. 36-ஆவது நகர்வில் ராணியை பி6 கட்டத்துக்கு அனுப்பினால் கறுப்பின் சிப்பாய்களைப் பொறுக்கலாம். காய் ஆதாயம் கண்ணில் பட்டால் விடாது என்பதுதான் அன்று கணினிகளைப் பற்றிய கணிப்பு. காஸ்பரோவும் அதைத்தான் எதிர்பார்த்தார். யந்திரம் ராணியைத் தொடவில்லை. பி5-இல் சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டியது. அடுத்த நகர்வில் பிஷப்பை இ4-இல் நிறுத்தி, கறுப்பு மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தது. 45-ஆவது நகர்வைப் பார்த்துவிட்டு உலக சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அவருடைய குழுவினரே வந்து சொன்ன செய்தி இன்னும் மோசம். அவர் கைவிட்ட அந்த நிலையில், தொடர்ந்து செக் வைத்து டிரா செய்ய வழி இருந்திருக்கிறது. 36-இல் கிராண்ட்மாஸ்டர் போல யோசித்த யந்திரம் 45-இல் இப்படி ஒரு ஓட்டையை விடுமா? நடுவில் ஒரு மனிதக் கை புகுந்ததோ? 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் தள்ளிய கோலைச் செய்தியாளர் கூட்டத்தில் நினைவுபடுத்தினார் காஸ்பரோவ். யந்திரத்தின் பதிவேடுகள், அதாவது ‘லாக்’ அச்சுப் பிரதிகள், தனக்கு வேண்டும் என்று கேட்டார்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. பதிவேடு எதற்கு? அதே யந்திரம், அதே நிலை, அதே நேரம். மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னால் போயிற்று. அதே நகர்வு வந்தால் யந்திரம் ஆடியது. வராவிட்டால் ஆள் ஆடியது.

டீப் புளூ விஷயத்தில் இந்தச் சோதனை செல்லாது. ஒளித்துவைக்க ஏதோ இருந்தது என்பதால் அல்ல. அந்த வகை யந்திரம் நேர்மையாக ஓடினாலே அதே நகர்வு வரலாம், வராமலும் போகலாம். அதற்கான காரணம் இந்தப் போட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. அந்தக் கதைதான் இந்த அத்தியாயம்.

*

ஒற்றைப் பிராசசர் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. அன்றைய நிரலில் நிலையைக் கொடுத்து, இத்தனை நகர்வு ஆழம் தேடு என்றால், ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒரே விடை. ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கை கூட ஒன்று பிசகாது. பிழை திருத்துபவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. தவறு எங்கே நடந்ததோ, அதே இடத்தில் மறுபடி நடக்கும். காத்திருந்து பிடித்துவிடலாம்.

அந்த நிரல்களின் உயிர்நாடி ஆல்ஃபா-பீட்டா வெட்டு. டொனால்டு நூத்தும் ரொனால்டு மூரும் 1975-இல் இதைக் கணக்குப் போட்டு அலசினார்கள். நகர்வுகளை நல்ல வரிசையில் ஆராய்ந்தால், பத்து லட்சம் கடைசி நிலைகள் கொண்ட ஒரு மரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தைப் பார்த்தாலே போதும். மீதியை வெட்டி எறியலாம், விடை மாறாது. சூட்சுமம் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் பார்த்தது எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்குப் பின்னால் வருவதை ஒதுக்கலாம்.

வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே தெருத் தெருவாகப் போகிறார். முதல் தெருவில் 12,000 ரூபாய்க்கு நல்ல வீடு கிடைத்துவிட்டால், அதன்பின் அதற்கு மேல் வாடகை சொல்லும் வீட்டின் படியே ஏற மாட்டார். இப்போது அண்ணனும் தம்பியும் இரண்டு தெருக்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அண்ணன் 12,000 வீட்டைப் பார்த்ததும் தம்பிக்கு போன் செய்கிறார். தம்பி 15,000 வீட்டு வாசலில் நிற்கும்போது போன் வந்தால் திரும்பிவிடுவார். ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். எந்தெந்த வீடுகளைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் போன் வந்த நேரத்தைப் பொறுத்து மாறுகிறது.

பல பிராசசர்கள் கூடித் தேடும் செஸ் நிரலில் நடப்பது இதுவே. போன் வரும் நேரத்தை மைக்ரோ நொடிகள் தீர்மானிக்கின்றன: நினைவகப் பாதையில் நெரிசல், இயங்குதளம் இடையில் புகுத்தும் வேறொரு சிறு வேலை, வலையில் ஒரு செய்தி தங்கிப் போன கணம். இவற்றில் எதையும் நிரல் எழுதியவர் ஆள முடியாது.

கூர்மையான வாசகர் இங்கே மடக்குவார்: எந்த வீடுகளைப் பார்த்தாலும், கடைசியில் கிடைக்கும் வீடு மலிவானதாகத்தானே இருக்கும்? சரிதான். வெறும் ஆல்ஃபா-பீட்டாவாக இருந்தால் மரத்தின் வடிவம் மாறும், உச்சியில் வரும் மதிப்பெண் மாறாது. நிஜ நிரல்கள் அவ்வளவு வெறுமையானவை அல்ல. ஆராய்ந்த நிலைகளையெல்லாம் ஒரு பெரிய நினைவு அட்டவணையில் குறித்துவைத்து, அதே நிலை வேறு வழியில் வரும்போது எடுத்துக்கொள்வார்கள். ‘ஹேஷ் டேபிள்’ என்று தொழிலில் பெயர். ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் இதற்கு வகுத்த எண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு நகர்வு ஆழம் பார்த்தால் போதும் என்ற இடத்தில், இன்னொரு பிராசசர் ஏற்கெனவே ஒன்பது ஆழம் பார்த்து எழுதிவைத்த விடை கிடைத்தால் நிரல் மகிழ்ச்சியோடு அதை எடுத்துக்கொள்ளும். ஒரு கணம் முந்தி வந்திருந்தால் அது இருந்திருக்காது. ஒரு கணம் பிந்தி வந்திருந்தால் அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும். இந்த இடத்தில் மதிப்பெண்ணே மாறிவிடுகிறது. எந்த நகர்வை ஆழமாகப் பார்ப்பது, எதை மேலோட்டமாக விடுவது என்பதையும் முந்தைய அனுபவக் கணக்கை வைத்தே நிரல்கள் முடிவு செய்வதால், மாற்றம் மேலும் மேலும் பெருகும்.

*

பல பிராசசர் செஸ்ஸுக்கு 1980-களின் தொடக்கத்தில் கனடாவில் நல்ல விளைச்சல். மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மன்ரோ நியூபார்ன் தன் ‘ஆஸ்ட்ரிச்’ நிரலைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டினார். ஆல்பர்ட்டாவில் டோனி மார்ஸ்லாண்டும் அவருடைய மாணவர் ஒருவரும் 1982-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு வழிகாட்டி ஆயிற்று. முதல் நகர்வின் கிளையை எல்லோரும் சேர்ந்து முடியுங்கள், பிறகு மீதியைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அந்த மாணவரின் பெயர் மர்ரி காம்ப்பெல். பதினைந்து ஆண்டு கழித்து டீப் புளூ குழுவில் இருந்தவர் இவரேதான்.

இந்த முறையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் எல்லோரும் ஓரிடத்தில் கூடி நிற்பார்கள். அதுவே அதன் குறையும் ஆயிற்று: வேலையை முதலில் முடித்தவர் சும்மா நிற்க வேண்டும். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய க்ரே சூப்பர் கணினியில் பிராசசர் சும்மா நிற்பதை யார் பொறுப்பார்கள்?

ராபர்ட் ஹயட் பொறுக்கவில்லை. தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இருந்த அவரும், தபால் வழி செஸ் ஆட்டக்காரரான ஆல்பர்ட் கோவரும், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஹாரி நெல்சனும் சேர்ந்து உருவாக்கிய ‘க்ரே பிளிட்ஸ்’ 1983-இல் நியூயார்க்கிலும் 1986-இல் கொலோனிலும் உலகக் கணினி செஸ் பட்டத்தை வென்றது. கொலோனில் நான்கு நிரல்கள் சம புள்ளியில் நின்றன. முறிப்புக் கணக்கில்தான் கோப்பை இவர்களுக்குப் போனது. ஒரு கிளைத் தகவல்: இந்த நெல்சன்தான் 1979-இல் டேவிட் ஸ்லோவின்ஸ்கியோடு சேர்ந்து, இரண்டின் 44,497-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று கண்டவர். 13,395 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை யார், எந்த யந்திரத்தில், எத்தனை முறை சோதித்தாலும் பகா எண்தான். அதே கை எழுதிய செஸ் நிரலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஹயட் பின்னர் வகுத்த முறையில் கூடி நிற்பதே கிடையாது. கை ஓய்ந்த பிராசசர் ‘வேலை இருக்கிறதா’ என்று கேட்கும். மரத்தில் எங்கே ஆள் தேவையோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பழைய முறையில் 16 பிராசசர்கள் போட்டால் கிடைத்த வேகம் 4.6 மடங்கு. புதிய முறையில் 11.1 மடங்கு. 1997-இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. எந்தப் பிராசசர் எந்தக் கணத்தில் எந்தக் கிளையில் ஒட்டும் என்பதை இனி யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காத்திருப்பைக் குறைத்தால் வேகம் கூடும், ஒழுங்கு குறையும்; விடை திரும்ப வருவது அந்த ஒழுங்கை நம்பித்தான். ஜெர்மனியில் பாடர்பார்ன் பல்கலைக்கழகத்தின் ‘சுக்ஸ்வாங்க்’ குழு, மூத்த கிளை முடியும்வரை இளைய கிளைகள் காத்திருக்கட்டும் என்று நடுவழி ஒன்றைக் கண்டது. 1992-இல் மாட்ரிடில் இரண்டாம் இடம் வந்தது அது. அங்கேயும் இதே கதைதான். அளவில் மட்டும் வித்தியாசம்.

வேகத்தை அளப்பதே சிக்கலாகிப் போனது. ஒரே நிலையை நான்கு முறை ஓட்டினால் நான்கு நேரம் வரும். சில சமயம் இரண்டு பிராசசர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் காட்டும். தம்பி போன தெருவில் மலிவு வீடு முதலிலேயே கிடைத்துவிட்ட கதை. வேறு சமயம் ஒற்றைப் பிராசசரை விடவும் பின்தங்கும். பல முறை ஓட்டிச் சராசரி எடுக்காமல் வேகக் கணக்குச் சொல்பவரை ஹயட் நம்பத் தயாராக இல்லை. நியாயம்தான்.

எம்.ஐ.டி.யில் சார்லஸ் லீசர்சன் குழு இதே பள்ளத்தை வேறு பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தது. அவர்களுடைய ‘ஸ்டார் சாக்ரடீஸ்’ 1995-இல் ஹாங்காங் உலகப் போட்டியில் 1,824 கணுக்கள் கொண்ட இன்டெல் பாரகான் யந்திரத்தில் ஓடி, ஃப்ரிட்ஸ் நிரலிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. அதைக் கட்டும்போது, 32 பிராசசர்களில் 65 நொடி எடுத்த வேலையை 40 நொடியாகக் குறைக்கும் ஒரு திருத்தம் அகப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முந்தைய போட்டி ஒன்றில் ஓட இருந்த 512 பிராசசர் யந்திரத்தில் அதே திருத்தம் 5 நொடி வேலையை 10 நொடியாக்கும் என்று வந்தது. தூக்கிப்போட்டுவிட்டார்கள். எண்களைச் சற்று உருண்டையாக்கி லீசர்சன் பாடநூலிலும் சேர்த்திருக்கிறார்.

அவர்களுடைய ‘சில்க்’ நிரல் மொழியின் இலட்சியம், வேலையை யார் செய்தாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. அதைக் குலைக்கும் மோதல்களைத் துப்பறிய 1997-இல் ஒரு கருவியும் செய்தார்கள். ‘நான்டிடர்மினேட்டர்’ என்று சினிமாப் பெயர் வைத்தார்கள். ஆனால் அதே மொழியில், பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கொன்றுவிட ஒரு கட்டளையும் வைக்க வேண்டி வந்தது. வெட்டு கிடைத்தபின் வீண் கிளையைத் தேடிக்கொண்டிருக்கும் செஸ் நிரலுக்கு அது இல்லாமல் முடியாது. எந்த வேலை எந்தக் கட்டத்தில் கொல்லப்படும் என்பது மறுபடியும் கணத்தின் கையில்.

*

டீப் புளூவுக்குத் திரும்புவோம். 30 கணுக்கள் கொண்ட ஆர்.எஸ்.6000 எஸ்.பி. யந்திரம், ஒவ்வொரு கணுவிலும் 16 செஸ் சில்லுகள், மொத்தம் 480. ஒரு கணு தலைவன். மரத்தின் மேல் கிளைகளை அது பார்த்து, கீழே உள்ளதை மற்ற கணுக்களுக்குப் பங்கிடும்; அவை இன்னும் கொஞ்சம் இறங்கி, கடைசி நகர்வுகளைச் சில்லுகளிடம் விடும். நொடிக்கு 20 கோடி நிலைகள் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அந்தப் போட்டியில் கிடைத்த சராசரி 12.6 கோடி. எந்தச் சில்லு எப்போது ஓய்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கீடு மாறும். போதாததற்கு, எதிராளி யோசிக்கும்போது யந்திரமும் யோசித்துக்கொண்டிருக்கும். காஸ்பரோவ் மூன்று நிமிடம் எடுத்தாரா ஐந்து நிமிடம் எடுத்தாரா என்பதும் யந்திரத்தின் நினைவில் பதிந்துவிடும்.

ஐ.பி.எம். பின்னர் இணையத்தில் வெளியிட்ட பதிவேட்டைப் பார்த்தால், 36-ஆவது நகர்வில் யந்திரம் முதலில் பிடித்து வைத்திருந்தது ராணி நகர்வையேதான். ஆழம் கூடக் கூட அதன் மதிப்பெண் இறங்கியது. வழக்கத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு, சிப்பாய் வெட்டுக்கு மாறியது. ‘மறுபடி ஓட்டிக் காட்டு’ என்ற வாதம் இங்கே முறிகிறது. எல்லோரும் எதிர்பார்க்கும் நகர்வை யந்திரம் ஆடினால் யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்பாராததை ஆடினால்தான் வரும். அந்த எதிர்பாராத நகர்வோ பெரும்பாலும் கடைசி நேரத்தில், நூலிழை வித்தியாசத்தில் மாறியதாக இருக்கும். மைக்ரோ நொடிகளின் ஆட்டத்தில் முதலில் ஆட்டம் காண்பதும் அந்த நூலிழைதான். எந்த நகர்வுக்கு நாம் சாட்சி கேட்போமோ, அந்த நகர்வை மறு ஓட்டத்தால் நிரூபிப்பதே மிகக் கடினம்.

ஆகவே மிஞ்சும் ஒரே சாட்சி, ஆட்டம் நடந்த கணத்தில் எழுதப்பட்ட பதிவேடு. காஸ்பரோவ் அதைக் கேட்டது முற்றிலும் சரி. அதை உடனுக்குடன் முழுமையாகக் கொடுக்காமல் இழுத்தடித்தது ஐ.பி.எம். செய்த தவறு என்பது என் தீர்ப்பு. மறு ஓட்டத்தால் நிரூபிக்க முடியாத யந்திரத்தை வைத்திருப்பவருக்குத் திறந்த பதிவேடு சலுகை அல்ல, கடமை.

முதல் ஆட்டத்தையும் இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. அதில் டீப் புளூ 44-ஆவது நகர்வாக யானையை டி1-க்கு நகர்த்தியது. பொருளே விளங்காத நகர்வு. அது நிரலில் இருந்த பிழையால் வந்தது என்று குழுவினரே பிறகு சொன்னார்கள். பிழை வேறு, இயல்பான தடுமாற்றம் வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் இந்தத் தொழிலின் சாபம்.

மே 11-இல் போட்டி 3½–2½ என்று முடிந்தது. மறு போட்டி கேட்டார் காஸ்பரோவ், ஐ.பி.எம். யந்திரத்துக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதன் ஒரு அலமாரி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில். 2017-இல் எழுதிய புத்தகத்தில் காஸ்பரோவ் தன் பழைய சந்தேகங்களைப் பெரிதும் தளர்த்திக்கொண்டார்.

*

பிறகு வந்தவர்கள் இந்தத் தடுமாற்றத்தோடு சண்டை போடுவதை விட்டுவிட்டார்கள். 2002-இல் ஹயட்டும் டிம் மானும் எழுதிய ஒரு கட்டுரை அந்த மனமாற்றத்துக்கு நல்ல சான்று. நினைவு அட்டவணையில் ஒவ்வொரு பதிவும் இரண்டு 64-பிட் துண்டுகள். இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒரு துண்டு ஒருவருடையதும் மற்றது இன்னொருவருடையதுமாகக் கலந்துவிடும். பூட்டுப் போட்டு எழுதினால் கலக்காது, ஆனால் வேகம் போகும். இவர்கள் பூட்டே போடவில்லை. முதல் துண்டை இரண்டாவதோடு ‘எக்ஸ்-ஆர்’ கணக்கில் பின்னி எழுதினார்கள். படிக்கும்போது பின்னலைப் பிரித்தால், கலந்துபோன பதிவு தன் நிலையின் எண்ணோடு பொருந்தாது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். மோதல் நடக்கட்டும், மோதியது அடையாளம் தெரிந்தால் போதும் என்ற மனநிலை.

அதன் உச்சம் 2016 ஜனவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 7 என்ற செஸ் நிரல். கிளைகளைப் பங்கிடும் ஏற்பாடு முழுவதையும் அதில் கழற்றி எறிந்துவிட்டார்கள். எல்லா இழைகளும், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தேடல்கள் எல்லாம், ஒரே நிலையை, கிட்டத்தட்ட ஒரே விதமாக, உச்சியிலிருந்து தேடும். ஒருவரோடு ஒருவர் பேச்சே இல்லை. பொது அட்டவணை மட்டும் உண்டு. ‘லேஸி எஸ்.எம்.பி.’ என்று பெயர், சோம்பேறி முறை. எல்லா இழைகளும் அச்சு அசலாக ஒன்றாக ஓடினால் இதில் ஒரு பைசா லாபம் கிடையாது. சிலவற்றை வேறு ஆழத்தில் ஓட்டுவதாலும், கணங்களின் தற்செயலாலும் அவை விலகி ஓடுகின்றன. ஒன்று முந்திப் போய் எழுதியது மற்றதற்கு உதவுகிறது. ஹயட் காலத்தில் பொறுத்துக்கொண்ட தொல்லை இங்கே எரிபொருளாகிவிட்டது.

அப்படியானால் திருத்தம் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் இரண்டு தராசு வைத்திருக்கிறார்கள். ஒற்றை இழையில், குறிப்பிட்ட சில நிலைகளை, குறிப்பிட்ட ஆழம் ஓட்டினால் வரும் மொத்த எண்ணிக்கைக்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். ஆட்டத்தை மாற்றும் எந்தத் திருத்தத்தோடும் அந்த எண்ணை எழுதியாக வேண்டும். அது எங்கே ஓட்டினாலும் ஒன்றாக வர வேண்டும். பழைய வரத்தை இந்த ஒரு மூலையில் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தராசு 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ‘ஃபிஷ்டெஸ்ட்’. தன்னார்வலர்களின் கணினிகளில் பழைய நிரலும் புதிய நிரலும் ஆயிரக்கணக்கில் ஆடித் தீர்க்கும். எப்போது நிறுத்தலாம் என்று சொல்வது, இரண்டாம் உலகப் போரின்போது ஆபிரகாம் வால்டு வகுத்த தொடர் சோதனை முறை. தனி ஒரு நகர்வு திரும்ப வருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நீங்களே பார்க்கலாம். ஸ்டாக்ஃபிஷ் இலவசம். இழை எண்ணிக்கையை 1 என்று வைத்து, நினைவு அட்டவணையைத் துடைத்து, ஒரு நிலையை 20 ஆழம் ஓட்டி, ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி துடைத்து ஓட்டுங்கள். அதே எண் வரும். பிறகு இழைகளை 4 ஆக்கி இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த இதழில்: கடைசி ஐந்தாறு காய்கள் மட்டும் மிஞ்சிய நிலைகளை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தீர்த்த கென் தாம்சன். அங்கே எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றுதான்.

(தொடரும்)